சலூன், பார்லர் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

"மிச்சத்தை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க."

புதுச்சேரியில் ஒரு பார்லரில் 4 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து பேராவது இப்படிச் சொல்லிவிட்டுப் போவார்கள். 730 ரூபாய் பில்லுக்கு 800 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவார்கள். அந்த 70 ரூபாய் முடி வெட்டிய பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? நான் தனியாக இருந்தால் போகும். முதலாளி பக்கத்தில் இருந்தால் கல்லாவிலேயே தங்கிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கேட்க வாய் வராது, எனக்கும் வராது.

அதனால் இங்கே "எவ்வளவு" என்பதைவிட "யார் கையில்" என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை: கடை எந்த வகை என்று பாருங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ தெருமுனையில் இரண்டு மூன்று சீட் போட்ட சலூன் இருக்கும். அதில் ஒரு சீட்டில் பெரும்பாலும் முதலாளியே நிற்பார். மற்ற சீட்டில் நிற்பவருக்குப் பல கடைகளில் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைக்கு அவர் சீட்டில் விழுந்த காசில் பாதிக்குப் பாதி, அல்லது அந்தக் கடையில் பேசிக்கொண்ட கணக்கு. நீங்கள் 120 ரூபாய் கொடுத்தால் அவருக்கு 60 தான் நிற்கும். மழை நாளில் ஆள் வரவில்லையென்றால் அதுவும் இல்லை. உங்கள் 20 ரூபாய் உண்மையாகவே கணக்கில் தெரிகிற இடம் இதுதான்.

இரண்டாவது வகை, வீட்டு முன்னறையை மறைத்து ஒரு அக்கா நடத்தும் பார்லர். த்ரெட்டிங், ஃபேஷியல், பெண்பிள்ளைகளுக்கு முடி வெட்டுவது எல்லாம் அவரே. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அவருக்கு டிப்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. கொடுத்தால் சில பேருக்குச் சங்கடமாகக்கூட இருக்கும். அதற்குப் பதிலாகப் பேரம் பேசாமல் இருங்கள். "பக்கத்துத் தெருவில் பத்து ரூபாய் கம்மிக்கா" என்று சொல்லாமல் இருப்பதே அவருக்குப் பெரிய டிப்ஸ்.

மூன்றாவது, ஏ.சி. போட்ட யூனிசெக்ஸ் சலூன். இங்கே மாதச் சம்பளம் உண்டு, அதன் மேல் டார்கெட், டார்கெட்டைத் தாண்டினால் இன்சென்டிவ். உங்களிடம் ஷாம்பு, சீரம், ஹேர் ஸ்பா என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அந்த டார்கெட்டுக்காகத்தான், அந்தப் பெண்ணின் ஆசையால் இல்லை. வேண்டாம் என்று ஒரு முறை சிரித்துச் சொல்லிவிட்டால் போதும். வாங்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் டிப்ஸைக் கூட்ட வேண்டாம். வாங்கிவிட்டோமே என்று குறைக்கவும் வேண்டாம்.

எந்த வகை என்று தெரியவில்லையா? சீட்டில் உட்கார்ந்து, "கடை உங்களோடதா அண்ணே?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "இல்லப்பா, நான் இங்க வேலை செய்யறேன்" என்று பதில் வந்தால் உங்களுக்குத் தேவையானது தெரிந்துவிட்டது.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே சில்லறை

இது சின்ன விஷயம்தான், ஆனால் டிப்ஸ் கொடுக்க நினைத்தும் கொடுக்காமல் போகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இதில்தான். பர்ஸில் ஒரு 500 ரூபாய் நோட்டு மட்டும் இருக்கும். அதை நீட்டி, "சில்லறை இருக்கா? உனக்கு 30 எடுத்துக்கிட்டு மீதி குடு" என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்! 20 ரூபாய், 50 ரூபாய் நோட்டு இரண்டிரண்டு சட்டைப் பையில் தனியாக இருக்கட்டும். காய்கறிக் கடையில் மாற்றிக்கொண்டால் போதும்.

10 ரூபாய் நாணயம் கொடுக்கலாமா என்றால், தாராளமாகச் செல்லும். அதன் 14 வடிவங்களும் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் நம் பக்கம் இன்னும் சில கடைகளில் முகம் சுளிக்கிறார்கள். டிப்ஸாகக் கொடுத்த காசை மாற்றுவதற்கு அவரை அலைய விட வேண்டாம், நோட்டாகவே கொடுங்கள்.

எவ்வளவு?

நம் ஊரில் இதற்குச் சட்டமும் இல்லை, ஊரே ஒப்புக்கொண்ட கணக்கும் இல்லை. அமெரிக்காவில் பில்லில் 15 முதல் 20 சதவீதம் என்பது வழக்கம், கொடுக்காமல் போனால் முகம் மாறும். ஜப்பானில் கொடுத்தால்தான் சங்கடம். இரண்டும் நமக்கு ஒத்துவராது. சதவீதக் கணக்கே சலூனுக்குச் சரிப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்குக்கு பில் 5,000 என்றால் அதில் பெரும்பகுதி கிரீமின் விலை. அதே சமயம் 200 ரூபாய்க்குத் தலைக்கு எண்ணெய் மசாஜ் செய்கிறவர் அரை மணி நேரம் தன் விரலை மட்டுமே செலவழிக்கிறார். பத்து சதவீதம் என்று பார்த்தால் கிரீமுக்கு 500, விரலுக்கு 20 என்று ஆகிவிடும்.

அதனால் நான் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். இது என் கணக்கு, உங்கள் வசதிக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தெருமுனை சலூனில் கட்டிங், ஷேவிங் என்றால் 20 ரூபாய். பொடியனைக் கூட்டிப்போய், அவன் அழுது தலையை ஆட்டி, அவர் பொறுமையாக வெட்டினால் 30 அல்லது 40. ஏ.சி. சலூனில் வெட்டியவருக்கு 50. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டது வேறு ஒருவர் என்றால் அவருக்குத் தனியாக 20. இந்தத் தலை அலசும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், சம்பளமும் கம்மி. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்க்காமல் எழுந்து வந்துவிடுவோம். கவுன்ட்டருக்கு வருவதற்குள் மறந்தே போகும்.

ஸ்மூத்தனிங், முழுத் தலைக்குக் கலரிங் மாதிரி 4, 5 மணி நேர வேலைக்கு முதன்மையாகச் செய்தவருக்கு 200 முதல் 300, கூட நின்று முடியைப் பிரித்துக் கொடுத்தவருக்கு 50 முதல் 100. அத்தனை நேரம் நின்றபடியே, அந்தக் கெமிக்கல் வாடையில் கண் எரிய வேலை செய்வதைப் பார்த்தவள் என்பதால் இந்த இடத்தில் என் கை கொஞ்சம் தாராளம்.

பெடிக்யூருக்கு என்னைக் கேட்டால் 100. நம் காலைத் தொட்டு, குதிகால் வெடிப்பைத் தேய்த்து, குனிந்தே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வேலை அது. தலைக்குக் கொடுக்கிறவர்கள் காலுக்குக் கொடுப்பதில்லை. ஏன் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

த்ரெட்டிங் மாதிரி ஐந்து நிமிட வேலைக்குத் தேவையில்லை. 10 ரூபாய் மிச்சம் வந்தால் விட்டுவிடலாம்.

தள்ளுபடிக் கூப்பன் வைத்திருக்கிறீர்களா? பில் பாதியானாலும் வேலை பாதியாகவில்லை. டிப்ஸ் அதே அளவுதான்.

பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி.யை "அதான் சேர்த்துக் கொடுத்துட்டோமே" என்று சிலர் டிப்ஸோடு குழப்பிக்கொள்வார்கள். அது அரசாங்கத்துக்குப் போகிற வரி, வேலை செய்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. முன்பு சலூன் சேவைக்கு 18 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 1,000 ரூபாய் வேலைக்கு 180 ரூபாய் வரி கட்டிய இடத்தில் இப்போது 50. கடை தன் விலையை ஏற்றவில்லை என்றால் உங்கள் கையில் 130 மிச்சம். டிப்ஸுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன சலூனுக்கு ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை, அங்கே இந்தப் பேச்சே எழாது.

ஆண்கள் சலூனில் இன்னொரு வழக்கம் உண்டு. கட்டிங் முடிந்ததும் கேட்காமலேயே தலையைத் தட்டி, தோளைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தை ஒரு திருப்பு திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். அந்தத் தட்டலுக்காகவே டிப்ஸ் கொடுக்கிறவர் என் அண்ணன். தட்டட்டும், பிடித்துவிடட்டும். கழுத்துச் சொடக்கு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சடாரென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கிழிசல் விழக்கூடும். அன்பாகச் செய்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

கொடுக்கும் விதம்

பில் வேறு, டிப்ஸ் வேறு. முதலில் கவுன்ட்டரில் பில்லைக் கட்டுங்கள். பிறகு திரும்பி உள்ளே நாலு அடி நடந்துபோய், வேலை செய்தவரிடம் நேராகக் கொடுங்கள். நோட்டை இரண்டாக மடித்து, வலது கையால், முகம் பார்த்து, "டீ சாப்பிடுங்க" என்றோ "வச்சுக்கங்க அண்ணே" என்றோ ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பலகையில், வெட்டி விழுந்த முடிக்கும் சீப்புக்கும் நடுவில் நோட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். இதை நிறைய பேர் செய்கிறார்கள், கூச்சத்தால்தான். ஆனால் எடுக்கிறவருக்கு அது பொறுக்குவது மாதிரி இருக்கும்.

கூப்பிடும் விதமும் இதில் சேர்த்திதான். வயதில் பெரியவர் என்றால் அண்ணே, சின்னவர் என்றால் தம்பி, பெண்கள் என்றால் அக்கா, இல்லை சிஸ்டர். "டேய், இங்க கொஞ்சம் ஷார்ட் பண்ணு" என்று கால் மணி நேரம் ஏவிவிட்டு, கடைசியில் 100 ரூபாய் நீட்டும் ஆட்களைப் புதுச்சேரி, கடலூர் இரண்டு ஊரிலும் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்வார்கள், வேறு வழியில்லை. அவர் படியிறங்கியதும் உள்ளே என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எழுத முடியாது.

இப்போது பெரிய சலூன்களில் மணிப்பூர், மிசோரம், டார்ஜிலிங் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆண்கள் சலூனில் பீகார், உத்தரப்பிரதேசத்துப் பையன்கள். தமிழ் தெரியாததால் கஸ்டமரோடு பேச்சு வளராது, பேச்சு வளராததால் டிப்ஸும் குறைவு. அவர்கள் வேலை சுத்தத்துக்கு இது நியாயமே இல்லை. பேச வராவிட்டால் தலையாட்டிச் சிரித்துக் கொடுங்கள், புரியும்.

போன் பே, ஜி பே இருந்தால்

முன்பெல்லாம் 40 ரூபாய் கட்டிங்குக்கு 50 கொடுத்து "வச்சுக்க" என்று சொல்வதில் டிப்ஸ் தானாக நடந்துவிடும். யூ.பி.ஐ. வந்த பிறகு அது போச்சு. சரியாக 120 என்று அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். 140 என்று அடித்தாலும், சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். முதலாளியின் கணக்கு. பணம் வந்ததை அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டி வேறு "நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும்.

கையில் ரொக்கம் இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. பில் 650 என்றால் 700 அனுப்பிவிட்டு, "50 ரூபாயை நோட்டா குடுங்க" என்று கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள். எந்தக் கவுன்ட்டரும் மறுக்காது, நான் மறுத்ததே இல்லை.

ஆண் கஸ்டமர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்யும் பெண்ணிடம் "உங்க ஜி பே நம்பர் சொல்லுங்க, போட்டு விடறேன்" என்று கேட்காதீர்கள். நீங்கள் நல்லவராகவே இருப்பீர்கள். ஆனால் அப்படி வாங்கிய நம்பருக்கு ராத்திரி பத்து மணிக்குக் "குட் நைட்" வந்து, சிம்மையே மாற்றிய பிள்ளையை எனக்குத் தெரியும். 50 ரூபாய்க்காகத் தன் நம்பரைக் கொடுப்பதா, கஸ்டமரிடம் மறுத்துப் பேசுவதா என்ற இக்கட்டில் அவளை நிறுத்த வேண்டாம்.

டிப்ஸ் பெட்டி

சில கடைகளில் கவுன்ட்டரில் ஒரு கண்ணாடி ஜாடியோ உண்டியலோ இருக்கும். எல்லோருக்கும் சமமாகப் போகும் என்பது ஏற்பாடு. தரை பெருக்கும் அக்கா வரைக்கும் பங்கு வந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் மாதக் கடைசியில் பிரிப்பதாகப் பேச்சு. ஒரு மாதம் ஹேர் டிரையர் உடைந்தது, அதற்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் தண்ணீர் கேன் கணக்கு. மூன்றாவது மாதத்திலிருந்து பிள்ளைகளே கஸ்டமரிடம் கண்ணைக் காட்டிப் பெட்டியில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

பெட்டியைப் பார்த்தால் உங்களுக்கு வேலை செய்தவரிடமே மெதுவாகக் கேளுங்கள்: "இதுல போட்டா உங்களுக்கு வருமா?" பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முகத்திலேயே தெரிந்துவிடும்.

வெட்டியது பிடிக்காவிட்டால்

எழுந்திருப்பதற்கு முன்பே சொல்லுங்கள். பின்பக்கம் கண்ணாடி காட்டும்போது "சூப்பர்" என்று தலையாட்டிவிட்டு, டிப்ஸ் கொடுக்காமல் போய், வீட்டில் புலம்புவது யாருக்கும் உதவாது. டிப்ஸ் ஏன் வரவில்லை என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. "இந்தக் காது பக்கம் ஏத்தமா இருக்கு அண்ணே" என்றால் உடனே சரிசெய்துவிடுவார். இரண்டு நாள் கழித்துப் போனாலும் பெரும்பாலான கடையில் காசில்லாமல் திருத்திக் கொடுப்பார்கள். திருத்திக் கொடுத்தால் டிப்ஸ் கொடுங்கள். அலட்சியமாகப் பேசினால் கொடுக்காதீர்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

கல்யாணம் என்றால் கணக்கே வேறு

மணப்பெண் மேக்கப்புக்குப் பேசும் தொகை மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு. அவரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் வருவார்கள், புடவை மடிப்பு வைக்க, ஜடை பின்ன. காலை 6 மணி முகூர்த்தத்துக்கு 2 மணிக்கே எழுந்து, புதுச்சேரியிலிருந்து கடலூர் மண்டபத்துக்கு 22 கிலோமீட்டர் இருட்டில் வந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது ஆர்ட்டிஸ்டின் மனசைப் பொறுத்தது.

இங்கே செய்ய வேண்டியது மூன்று. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே, அம்மாவோ சித்தியோ ஒருவர், ஆளுக்கு 201 அல்லது 301 ரூபாயைக் கவரில் போட்டு, வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிட வேண்டும். தாலி கட்டிய பிறகு என்று தள்ளிப்போட்டால் அந்தக் கூட்டத்தில் அவர்கள் கிளம்பிப்போனதே தெரியாது. அடுத்தது டிபன். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் கூச்சத்தில் போக மாட்டார்கள். ஒரு பையனை அனுப்பிப் பந்தியில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது தாம்பூலப் பை. விருந்தாளிக்குக் கொடுக்கும் அதே பை.

மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே வந்து சவரம் செய்யும் வழக்கம் இருக்கிற குடும்பங்களில், அவருக்கு வேட்டி துண்டோடு பணம் வைத்துக் கொடுப்பது காலங்காலமாக இருப்பதுதான். அதைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும், பையிலிருந்து உருவி நீட்டக் கூடாது.

கோவிலில் மொட்டை

கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரத்தில் குழந்தைக்கு முடி இறக்கப் போகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோவில்களில் 2021 செப்டம்பரிலிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அதனால் யாராவது இவ்வளவு கொடு என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்குவது இனாம் ஆகாது.

பிரான்சிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

ஜூலை, ஆகஸ்டில் புதுச்சேரி பார்லர்களில் பாதிக் கூட்டம் பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த நம் ஆட்கள். அங்கே டிப்ஸுக்கு "பூர்புவார்" என்று பெயர், குடிப்பதற்கு என்று அர்த்தம். நம் "டீ காசு" மாதிரிதான். மனசும் தாராளம். ஆனால் தயவுசெய்து 1 யூரோ, 2 யூரோ நாணயத்தைக் கொடுக்காதீர்கள். பணம் மாற்றும் கடைகள் பொதுவாக வெளிநாட்டு நாணயத்தை வாங்குவதில்லை, நோட்டைத்தான் வாங்குவார்கள். எங்கள் கவுன்ட்டர் டிராயரில் ஒரு சோப்பு டப்பா நிறைய யூரோ காசு இருந்தது, யாருக்கும் உதவாமல். கொடுப்பதானால் 5 யூரோ நோட்டு, அதைவிட நல்லது ரூபாய்.

வீட்டுக்கு வந்து வெட்டுபவர்

என் அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தெரு சலூன் அண்ணன் மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவார், அதுவும் செவ்வாய்க்கிழமை. சலூன்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. அவருடைய ஒரே ஓய்வு நாளில் வருகிறார் என்பது எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்கப்புறம் கட்டிங் விலையை இரண்டு மடங்காக்கி, வண்டிக்குப் பெட்ரோல் காசு 50 தனியாகக் கொடுக்கிறேன். முதலில் வாங்க மறுத்தார். "அப்பாவுக்குச் செய்யறதுக்கு என்னம்மா" என்றார். தலையணையில் முடி விழாமல் துண்டு விரித்து, அப்பாவின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டே வலது கையால் வெட்டுவது கடை வேலை இல்லையே. மறுத்தால் உடனே விட்டுவிடாதீர்கள், இரண்டாவது முறை சொல்லுங்கள். மூன்றாவது முறையும் மறுத்தால் பணத்தை உள்ளே வைத்துவிட்டு, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழமோ பலகாரமோ பையில் போட்டுக் கொடுங்கள்.

தீபாவளி

ரெகுலராகப் போகும் கடையென்றால் தீபாவளிக்கு ஒரு கட்டிங் விலையை இனாமாகக் கொடுப்பது கணக்காக இருக்கும். மாதம் தோறும் டிப்ஸ் கொடுக்க முடியாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும். முதலாளியே வெட்டுகிறவர் என்றாலும் தீபாவளிக்கு மட்டும் விதிவிலக்கு, ஆனால் பணமாக வேண்டாம். வீட்டு முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில் போதும்.

முந்தின நாள் ராத்திரி போய் நிற்காதீர்கள். அன்றைக்கு நள்ளிரவு தாண்டியும் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். கையில் வாங்கியதை எண்ணிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. நாலு நாள் முன்னதாக, மத்தியானம் இரண்டு மூன்று மணி வாக்கில், கடை காலியாக இருக்கும்போது போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைத்தெருவில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அவருக்கும் அந்த நாலு நாள் வேண்டும்.